கால்வாசி தெரிந்த கல்யாணம்

அத்தியாயம் 6

எலுமிச்சை மண்டி காசிராஜன் வாயைத் திறந்தால் புளியங்குடி மார்க்கெட்டில் ஏலம் கேட்க வந்தவர்கள்கூடத் தலையைக் குனிந்துகொள்வார்கள் என்று தங்கப்பழம் கேள்விப்பட்டிருந்தார். சங்கரன்கோவிலில் அவர் வீட்டு முன்னறையிலேயே உட்கார்ந்து அந்தக் குரலைக் கேட்கும் பாக்கியம் இன்றைக்குக் கிடைத்தது. டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, சில்லறை இல்லாததற்கு ஊர் ஊராகத் திட்டு வாங்கிப் பழகிய காதுகள் என்பதால் தாங்கின.

“எங்கம்மா சங்கிலி அது. சாகுற வரைக்கும் கழுத்த விட்டு எறக்கல. அதத்தான் மருமவளுக்குப் போட்டேன். அந்த மேக்கப் புள்ள எடுத்துட்டா. இதுல துப்பறிய என்ன இருக்கு?”

கோகிலா காபியை ஆற்றிக்கொண்டிருந்தாள். இந்த ஊரில் துப்பறிவாளர் என்று போர்டு மாட்டியிருக்கும் பெண் அவள் ஒருத்திதான். வருகிற கேஸில் பாதிக்கு மேல், பார்த்து வைத்த மாப்பிள்ளை குடிப்பாரா மாட்டாரா என்று விசாரிக்கிற கேஸ். பஸ்ஸில் ஏறி இறங்கியவர்களை எல்லாம் தெரியும் என்ற ஒரே தகுதியில் தங்கப்பழம் அவளிடம் உதவியாளராகச் சேர்ந்திருந்தார். வாய் மட்டும் கண்டக்டர் உத்தியோகத்திலேயே நின்றுவிட்டது.

“கல்யாண வீடியோவப் பாத்துட்டுத்தான் சொல்லுதியளா, அண்ணாச்சி?” என்று கேட்டாள் கோகிலா.

“ஸ்டுடியோவுல உக்காந்து ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். முகூர்த்தச் சேல மாத்தப் போகையில மருமவ கழுத்துல சங்கிலி கெடக்கு. மாத்திட்டு வந்து மணவறையில உக்காருதா, சங்கிலி இல்ல. நடுவுல ரூமுக்குள்ள இருந்தது அவ ஒருத்திதான். நடுவுல யாரு இருந்தாளோ அவதான எடுத்திருக்கணும்?”

“மருமவ என்ன சொல்லுதா?”

“அவளுக்கு என்ன தெரியும்? கழுத்து நெறைய நக. கல்யாணத்தன்னைக்கு மத்தியானம் கழட்டி வைக்கையிலதான் இது மட்டும் இல்லன்னு தெரிஞ்சுது. இன்னைக்குச் சாயங்காலம் மறுவீட்டுக்கு அழைக்க சம்பந்தி வீட்டுக்காரங்க வாராவ. அவங்க போன கையோட நான் ஸ்டேஷனுக்குப் போறேன். சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல ஏற்கெனவே பேசிப் போட்டாச்சு.”

“பேரச் சொல்லியா?”

“பேரு, ஊரு, போன் நம்பரு எல்லாம் சொல்லித்தான்.”

அவர் தலைக்கு நேர் மேலே சுவரில் அவருடைய அம்மா முத்துமாரியம்மாளின் படம் இருந்தது. படத்தின் பெரும்பகுதியை மாப்பிள்ளையின் கல்யாண மாலை மறைத்திருந்தது. மாப்பிள்ளை கழுத்திலிருந்து இறங்குகிற மாலை நேராகக் காலமானவர் படத்துக்குப் போகும். மறுவீட்டு அன்று கழற்றிக் கிணற்றில் போடுகிற வரைக்கும் அதை யாரும் தொடக்கூடாது. அந்த வீட்டு வழக்கம் அது. ரோஜா கறுத்து, சம்பங்கி பழுத்துப்போய், ஜன்னல் வெயிலில் மாலைக்குள் ஏதோ மஞ்சளாக மினுங்கிக்கொண்டிருந்தது. காசிராஜன் குரல் உயரும்போதெல்லாம் ஓர் இதழ் உதிர்ந்து அவருடைய வழுக்கையில் விழுந்தது. அவர் அதைத் தட்டிவிட்டுத் தட்டிவிட்டுப் பேசினார். தங்கப்பழத்துக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும் பாடாக இருந்தது.

டம்ளர்களை எடுக்க மருமகள் சண்முகப்ரியா வந்தாள். மூக்கில் ஒரு வெள்ளைக்கல் மூக்குத்தி, வெயில் பட்டுத் தங்கப்பழத்தின் கண்ணில் அடித்தது. பின்னாலேயே மாப்பிள்ளை வெங்கடேஷ் தட்டோடு வந்து நின்றான். நல்ல பையன், மரியாதையான பையன், மனைவியின் காது வரைக்கும் இருந்தான்.

வாசலுக்கு வந்ததும் தங்கப்பழம் தெருமுக்கில் இன்னும் அவிழ்க்காத கல்யாண ஃபிளக்ஸைக் காட்டினார். “மேடம், அந்தப் படத்தப் பாருங்க. ரெண்டு பேரும் ஒரே உசரம். கல்யாணம் முடிஞ்ச ஒடனே மாப்பிள்ள சுருங்கிட்டாரு. எனக்கும் அப்பிடித்தான் ஆச்சு.”

கோகிலா சிரிக்கவில்லை. ஃபிளக்ஸை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, “ஸ்டுடியோவுக்கு வண்டிய விடுங்க, அண்ணாச்சி” என்றாள்.

*

கல்யாண வீடியோ எடுத்த மகாராஜாவின் ஸ்டுடியோ ராஜபாளையம் ரோட்டில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. படிக்கட்டில் மேக்கப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அப்ரீன் பானு உட்கார்ந்திருந்தாள். கடையநல்லூரிலிருந்து ஸ்கூட்டியில் வந்தவள். கோகிலாவை இந்தக் கேஸுக்குக் கூப்பிட்டவளே அவள்தான். தன் மேல் விழுந்த திருட்டுப் பழியைத் துப்பறியத் தானே ஆள் வைக்கிறவள் எடுத்திருக்க மாட்டாள் என்பது தங்கப்பழத்தின் கட்சி. எடுத்தவளுக்கும் அப்படிச் செய்ய மூளை இருக்கலாமே என்று கோகிலா நேற்றே கேட்டு வைத்திருந்தாள்.

“வாசுதேவநல்லூர் பார்ட்டி காலையில போன் பண்ணுனாவ, அக்கா” என்றாள் அப்ரீன். “வேற ஆளப் பாத்துக்கிடுதோம்னாவ. அவங்களும் அந்த அண்ணாச்சிக்குச் சொந்தக்காரங்கதான். நான் காரணம் கேக்கல. கேட்டா சொல்லிருவாவளோன்னு பயமா இருந்துச்சு.”

“சேல மாத்தும்போது சங்கிலி இருந்துச்சா?”

“சேலைக்கு வெளிய எடுத்து விட்டதே நான்தான். அல்லாஹ் மேல ஆணையா இருந்துச்சு. எங்க தொழில்ல கல்யாணப் பொண்ணும் நகையும் நானும் ஒரே ரூமுல, உள்ள தாப்பாப் போட்டு இருப்போம். ஒருத்தர் சந்தேகப்பட்டாப் போதும். அப்புறம் எந்த வீட்டுல என்னய உள்ள விடுவாவ?”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தங்கப்பழம் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பார். அழாமல் இருந்ததால் என்ன சொல்வதென்று தெரியாமல், மேக்கப் பெட்டியை வாங்கிக்கொண்டு படியேறினார்.

மகாராஜா எடிட்டிங் திரைக்கு முன்னால் தலையில் ஹெட்போனோடு இருந்தான். மேஜைக்கு அடியில் கம்ப்யூட்டர் ஏற்றத்தில் ஏறுகிற பழைய பஸ் போல இரைந்தது. இந்த ஊரில் கல்யாண வீடியோ வெட்டுவது எடிட்டர் மட்டும் செய்கிற வேலை இல்லை. கல்யாண வீட்டுக்காரர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, இவரை வை, அவரை எடு, சித்தப்பா சாப்பிடுவதைக் குறை என்று சொல்லிக்கொண்டே இருப்பார். காசிராஜனும் அப்படி உட்கார்ந்தபோதுதான் மணவறைக் காட்சியில் சங்கிலி இல்லாததைப் பார்த்திருக்கிறார்.

“அவங்க பாத்த மாதிரியே ஓட்டுங்க. எதையும் மாத்தாதீங்க” என்றாள் கோகிலா.

மகாராஜா ஓட்டினான். முதலில் மணப்பெண்ணின் முகம் திரை முழுக்க வந்தது. கழுத்தில் மெல்லிய சங்கிலி, நுனியில் சின்ன மாங்காய் டாலர். அடுத்து அவள் சேலை வாங்கிக்கொண்டு போனாள். திரும்பி வந்து மணவறையில் உட்கார்ந்தாள். இது தூரத்திலிருந்து எடுத்த காட்சி. அட்டிகை தெரிந்தது, ஆரம் தெரிந்தது, சங்கிலியைக் காணவில்லை. தங்கப்பழம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார், அப்போதும் இல்லை. அவருக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. வாசலில் நின்ற அப்ரீனின் பக்கம் திரும்பவே இல்லை.

கோகிலா அதே இடத்தில் நிறுத்தச் சொன்னாள். திரைக்குப் பக்கத்தில் போய்க் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“அண்ணாச்சி, காலையில டம்ளர் எடுக்க வந்தாளே மருமவ, மூக்குல என்ன கெடந்துச்சு?”

“மூக்குத்தி. வெள்ளக்கல்லு. கண்ணக் கூசிச்சு.”

“இங்க?”

தங்கப்பழம் குனிந்து பார்த்தார். திரையில் இருந்த மணப்பெண்ணுக்கு மூக்கு இருந்தது, மூக்குத்தி இல்லை.

“அடப்பாவமே. அப்போ இந்தப் புள்ள மூக்குத்தியயும் களவாண்டுட்டு, மனசு கேக்காம வீட்டுல போயி மாட்டி விட்டுட்டு வந்திருக்கா” என்றார்.

“சேலையில சரிகைக் கட்டம் எங்க? கையில மருதாணி எங்க? பொண்ணு நெத்தியில வச்ச சின்னப் பொட்டு எங்க? இவ்ளோத்தையும் ஒருத்தி எடுத்துட்டுப் போகணும்னா லாரிதான் கொண்டாரணும்.” கோகிலா மகாராஜாவின் பக்கம் திரும்பினாள். “மெல்லிசா இருக்கது எதுவுமே தெரியல. இங்கன நாம பாக்குற ப்ரிவியூ முழுத் தெளிவுல ஓடுதா, கொறச்சு வச்சிருக்கியளா?”

மகாராஜா ஹெட்போனைக் கழற்றினான். “கால்வாசித் தெளிவுதான் அக்கா. குவார்ட்டர்ல வச்சிருக்கேன். நம்ம சிஸ்டம் பழசு. ஃபுல்லுல போட்டா சிக்கிச் சிக்கி ஓடும். வீடியோ நல்லாத்தான் இருக்கு. இங்கன பாக்குறது மட்டும் மங்கலாத் தெரியும். கடைசியில டிவியில போட்டா எல்லாம் பளிச்சுன்னு இருக்கும்.”

“இத அவங்ககிட்டச் சொன்னியளா?”

“அண்ணாச்சி கேக்கலயே. கேட்டாலும் அவங்க பேசையில நாம எங்க சொல்ல?”

கோகிலா போனை எடுத்து காசிராஜனைக் கூப்பிட்டாள். ஒரே ஒரு தடவை வந்து பார்க்கச் சொன்னாள். மணவறையில் நாத்தனார் முடிச்சுப் போட்ட மகளையும் கூட்டி வரச் சொன்னாள்.

“மவ எதுக்கு?” என்று கிசுகிசுத்தார் தங்கப்பழம்.

“கழுத்துக்குப் பின்னால நின்னவ அவதான.”

*

காசிராஜன் மகள் கோமதியோடு வந்தார். அப்ரீனைப் பார்த்ததும், “இவ எதுக்கு இங்கன?” என்றார்.

“உக்காருங்க அண்ணாச்சி, படம் போடப் போறோம்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார் தங்கப்பழம்.

கோகிலா கண் காட்டினாள். மகாராஜா ப்ரிவியூவுக்குக் கீழே இருந்த சின்னப் பட்டியலைத் திறந்து, குவார்ட்டரை எடுத்துவிட்டு ஃபுல் வைத்தான். கம்ப்யூட்டர் ஒரு முறை முனகியது. படம் கொஞ்சம் ஓடி, நின்று, யோசித்து, மறுபடி ஓடியது. மணப்பெண் சேலை மாற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள். மூக்குத்தி வந்துவிட்டது. சரிகைக் கட்டம் வந்துவிட்டது. அட்டிகைக்குக் கீழே, மயிரிழை மாதிரி, மாங்காய் டாலரோடு சங்கிலியும் வந்துவிட்டது.

“அம்மா சங்கிலி” என்றார் காசிராஜன். அவர் குரல் இவ்வளவு சின்னதாகவும் வரும் என்று தங்கப்பழம் நினைத்திருக்கவில்லை.

அப்ரீன் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். அவளைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்வார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். காசிராஜன் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி, ரூமுல எடுக்கல. அப்போ எங்க போச்சு?”

படம் ஓடியது. வெங்கடேஷ் தாலியைக் கழுத்தில் வைத்து முதல் முடிச்சுப் போட்டான். கோமதி பின்னால் நின்று குனிந்து மற்ற முடிச்சுகளைப் போட்டாள். மணப்பெண்ணின் மாலை கோமதியின் கையை மறைத்தது. பிறகு இருவரும் எழுந்து நின்று மாலை மாற்றினார்கள். மாற்றி முடித்தபோது கழுத்தில் தாலி இருந்தது, மூக்கில் மூக்குத்தி இருந்தது, சங்கிலி இல்லை.

எல்லார் கண்களும் மெல்ல கோமதியிடம் போயின.

“என் மவளச் சொல்லுதியளா வே?” என்றார் காசிராஜன்.

“நான் என்னத்தச் சொன்னேன், அண்ணாச்சி?” என்றார் தங்கப்பழம். “நடுவுல யாரு இருந்தாளோ அவதான எடுத்திருக்கணும்னு காலையில நீங்கதான் சொன்னிய. நான் உங்க கணக்கத்தான் போட்டுப் பாத்தேன்.”

கோமதி அழ ஆரம்பித்திருந்தாள்.

“தாலிக்கயிறுல சங்கிலி சிக்கிச்சுப்பா. கொக்கியக் கழட்டி எடுத்துவிட்டு, திரும்ப மாட்டுனேன். மேளம் அடிக்காவ, எல்லாரும் அரிசியா எறியுதாவ. மாட்டுனேன்னுதான் நெனச்சேன்.”

தகப்பன் மகளைப் பார்த்தார். பிறகு, முதல் தடவையாக, அப்ரீனின் முகத்தையும் நேராகப் பார்த்தார். ஒரு பெண்ணைத் திருடி என்று சொல்வது எவ்வளவு சுலபம் என்று அந்த நிமிஷத்தில் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். முகம் கறுத்துப்போயிற்று.

“கொக்கி மாட்டல. ஆனா கோமதி எடுக்கவும் இல்ல” என்றாள் கோகிலா. “மகாராஜா, மணவறைக்குப் பின்னால தெர்மாகோல்ல எழுதியிருக்கத வாசிங்க.”

“ங்கடேஷ். சண்முகப்ரி.”

“மாப்பிள்ள பேரோட மொத எழுத்த வெட்டிட்டுப் படம் எடுக்கிற கேமராமேனுக்குக் கல்யாண வீட்டுல சோறு போடுவாவளா?”

மகாராஜா தலையைச் சொறிந்தான். காசிராஜனைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், பிறகு சொல்லிவிட்டான். “வெட்டல அக்கா. அன்னைக்கு அண்ணாச்சி பக்கத்துல உக்காந்து, மாப்பிள்ள காலு எந்தப் படத்துலயும் தெரியக்கூடாதுன்னு ஒரே பிடியா இருந்தாவ. அதுக்கு ஒவ்வொரு ஷாட்டாத் திருத்தணும், எனக்கு நாலு கல்யாணம் கெடக்கு. அதான் இந்த ப்ரிவியூவ மட்டும் ஜூம் பண்ணிப் பெருசாக்கிக் காட்டுனேன். ஓரம் பூரா மறைஞ்சிடும்லா. அண்ணாச்சி சந்தோசமாப் போனாவ. வீடியோ அப்பிடியேதான் இருக்கு.”

“காலு ஏன் தெரியக்கூடாது?” என்றார் தங்கப்பழம்.

கோகிலா சொன்னாள்: “ஃபிட்ல போடுங்க.”

மகாராஜா ஜூமை எடுத்துவிட்டு ஃபிட் வைத்தான். படம் சுருங்கித் திரைக்குள் முழுசாக அடங்கியது. தெர்மாகோலில் வெங்கடேஷுக்கு முதல் எழுத்து திரும்பக் கிடைத்தது. கீழே மாப்பிள்ளையின் கால்கள் தெரிந்தன. கால்களுக்கு அடியில், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய மணைப்பலகைகள் தெரிந்தன.

“மாப்பிள்ள மொத மாடியிலல்லா நிக்காரு” என்றார் தங்கப்பழம்.

காசிராஜன் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆனால் கோகிலாவின் விரல் பலகையைக் காட்டவில்லை. அதற்கு மேலே, மாப்பிள்ளையின் முழங்கால் பக்கம், மாலையின் அடிப்பகுதியைக் காட்டியது. வெள்ளை ஜிகினாவுக்கு நடுவே மஞ்சளாக ஓர் இழை தொங்கியது. அதன் நுனியில் மாங்காய் டாலர் ஆடிக்கொண்டிருந்தது.

“கழுத்துல இருந்து நழுவி மாலையில சிக்கியிருக்கு. ஒடனே மாலை மாத்துனாவ. பொண்ணு மாலை மாப்பிள்ளைக்குப் போயிட்டு. நீங்க பலகைய மறைக்கச் சொன்னிய, அதோட சேந்து சங்கிலியும் மறைஞ்சிட்டு.” அவள் தங்கப்பழத்திடம் திரும்பினாள். “அண்ணாச்சி, காலையில இவங்க அம்மா படத்துல கெடந்த மாலையில மினுங்குச்சே, அது வெள்ளையா, மஞ்சளா?”

தங்கப்பழம் வாயைத் திறந்தார். பதில் வருவதற்குள் காசிராஜனின் கை தானாக மேலே போய் வழுக்கையைத் தடவியது. ஒரு கறுத்த ரோஜா இதழ் அங்கே இன்னும் ஒட்டியிருந்தது. அவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். திடீரென்று நினைவு வந்தவராகப் போனை எடுத்து வீட்டில் இருந்த மனைவியைக் கூப்பிட்டார்.

“ஏட்டி, மாலையத் தொடாத. சொல்லுதேன்லா, தொடாத. என்னது, ஸ்டூல்ல ஏறிட்டியா? கிணத்துலயும் போட வேண்டாம், ஒண்ணுலயும் போட வேண்டாம். எறங்கு மொதல்ல.”

*

எல்லோரும் வீட்டுக்கு வந்ததும் காசிராஜனே ஸ்டூலில் ஏறினார். ஸ்டூல் ஆடாமல் தங்கப்பழம் பிடித்துக்கொண்டார். பூக்களை ஒவ்வொன்றாக விலக்கியபோது, கண்ணாடியின் மேல், படத்தில் இருந்த முத்துமாரியம்மாளின் கழுத்துக்கு நேராக, சங்கிலி கிடந்தது. டாலர் மட்டும் ஜிகினாவில் சிக்கி இருந்தது. காசிராஜன் அதை எடுக்கவில்லை. கீழே இருந்தவர்களுக்கு அவர் முகம் தெரியவில்லை, தோள் குலுங்கியது மட்டும் தெரிந்தது.

“எங்கம்மாகிட்டதான் இருந்திருக்கு” என்றார். “நான் அவ காலடியிலயே உக்காந்து ஊரான் வீட்டுப் புள்ளயத் திட்டியிருக்கேன்.”

இறங்கி வந்து அப்ரீனுக்கு முன்னால் நின்றார். “தப்பாப் பேசிட்டேன் தாயி. மனசுல வச்சுக்கிடாத.”

“எங்கிட்டச் சொன்னா எனக்கு மட்டுந்தான கேக்கும், அண்ணாச்சி” என்றாள் அப்ரீன். “குரூப்ல சொல்லுங்க. அன்னைக்கு மாதிரியே, பேரு, ஊரு, போன் நம்பரு எல்லாம் சேத்து.”

அவர் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். மார்க்கெட்டையே அடக்குகிற குரல் முதல் தடவை வரவில்லை. தொண்டையைச் செருமிவிட்டு வாய்ஸ் பட்டனை மறுபடி அழுத்திப் பிடித்தார். “நான் காசிராஜன் பேசுதேன். கடையநல்லூர் அப்ரீன் பானுவப் பத்தி நான் சொன்னது பூராவும் பொய். சங்கிலி எங்க வீட்டுலயேதான் இருந்துச்சு. அந்தப் புள்ள மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு என் மேலதான்.” ஊரையும் நம்பரையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். அனுப்பிவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

பின்னாலேயே வந்திருந்த மகாராஜா, இதுதான் சமயம் என்று நினைத்தான் போலிருக்கிறது. “அண்ணாச்சி, அந்தக் காலு விஷயம். நெசமாவே வெட்டிரவா?”

காசிராஜன் மகனைப் பார்த்தார். வெங்கடேஷ் தரையைப் பார்த்தான். பக்கத்தில் சண்முகப்ரியா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

“வெட்டாத. முழுசா வை.”

“பலகை தெரியும், அண்ணாச்சி.”

“தெரியட்டும் வே. சங்கிலி தெரியணும்லா.”

அப்போது அப்ரீனின் போன் அடித்தது. அவள் எடுத்துப் பார்த்தாள். தங்கப்பழம் எட்டிப் பார்த்தார், திரையில் வாசுதேவநல்லூர் பார்ட்டி என்று இருந்தது.

“எடு மக்கா” என்றார்.

“எடுக்கேன் அண்ணாச்சி.” அப்ரீன் மேக்கப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, காலையிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தாள். “கொஞ்சம் அடிக்கட்டும்.”